ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம்?

துணை உணவுகளின் லேபிள்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும், பூனைக்காலி விதைப் பொடியை டப்பாவில் அடைத்து விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

பார்கின்சன் நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்படும் லெவோடோபா, பூனைக்காலி விதையிலும் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1937-லேயே தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆகவே பாடம் நடத்த வரவில்லை. டப்பாவின் மேல் ஒரே ஓர் எண் கேட்டு வந்திருக்கிறேன்: ஒரு கரண்டிப் பொடியில் லெவோடோபா எத்தனை மில்லிகிராம்?

என் அப்பாவுக்கு ஒன்பது வருடமாகப் பார்கின்சன் நோய். லெவோடோபா 100, கார்பிடோபா 25 மில்லிகிராம் கொண்ட மாத்திரை, நாளுக்கு நான்கு வேளை. மாத்திரை போட்ட நேரம், நடுக்கம் தணிந்த நேரம், மறுபடி உடம்பு இறுகிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறோம். அரை மாத்திரை கூட்டுவதற்கே மருத்துவர் அந்த நோட்டை முன்னும் பின்னும் புரட்டுவார். இந்த நிலையில் யாரோ நல்லெண்ணத்தில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ‘நரம்புக்குப் பலம்’ என்று போட்டிருந்ததால் அப்பா எங்களிடம் சொல்லாமலே காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி சாப்பிட்டிருக்கிறார். மாத்திரையையும் விடவில்லை.

நான்காம் நாள் இரவு கழுத்தும் தோளும் கைகளும் அவர் சொல் கேட்காமல் நெளிந்து ஆடத் தொடங்கின. குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டியது. அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “கூடுதலா எவ்வளவு லெவோடோபா உள்ள போயிருக்கு?” அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புரதம் இத்தனை கிராம், நார்ச்சத்து இத்தனை கிராம், சர்க்கரை பூஜ்யம். இல்லாத சர்க்கரைக்குக்கூட ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். டப்பாவிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். “நூறு சதவீதம் இயற்கைங்க, பக்கவிளைவே கிடையாது” என்றார் எதிர்முனையில் இருந்தவர். அப்பா பக்கத்துக் கட்டிலில் நெளிந்துகொண்டிருந்தார்.

கணக்கை நாங்களே போட்டோம். விதையில் லெவோடோபா பொதுவாக 3 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். 5 கிராம் கரண்டி என்றால் 150 முதல் 300 மில்லிகிராம். ஒன்றரை மாத்திரையா, மூன்று மாத்திரையா? யாருக்குத் தெரியும்! வெறும் பொடியை மட்டும் சாப்பிடுகிறவருக்கு அதில் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே டோபமினாக மாறிவிடும், டோபமினால் மூளைக்குள் நுழைய முடியாது. அப்பாவுக்கு அப்படியில்லை. மாத்திரையிலிருந்த கார்பிடோபா அந்த மாற்றத்தைத் தடுப்பதற்கென்றே சேர்க்கப்பட்டது. பொடியில் வந்ததற்கும் அதுவே வழிவிட்டுவிட்டது.

“விதைக்கு விதை அளவு மாறுமே, எப்படி அச்சிடுவது?” என்பீர்கள். மாறுவதால்தானே கேட்கிறோம்! ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் அளந்து போடுங்கள். மாத்திரை செய்பவர்கள் அளக்காமலா விற்கிறார்கள்?

அப்புறம் அந்த ‘இயற்கை’. குன்றிமணியும் இயற்கைதான், பூனைக்காலிக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டும் அவரைக் குடும்பம். குன்றிமணியை மென்று விழுங்கினால் அதிலுள்ள அப்ரின் என்ற நச்சு உயிரணுக்களில் புரதம் உருவாவதையே நிறுத்திவிடும். டெர்ரிஸ் கொடியின் வேரிலுள்ள ரோட்டினோன் குளத்து மீன்களைச் செத்து மிதக்கவிடும். கிலுகிலுப்பைச் செடியின் ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுக்கும். எல்லாம் வெப்பமண்டலத்தில் செழித்து வளர்பவை, எல்லாம் ஒரே குடும்பம். இவற்றையும் பொடித்து, பச்சை இலைப் படம் போட்டு ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று எழுதலாமே. பொய் சொன்னதாகவும் ஆகாது.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொடியைத் தடை செய்யச் சொல்லவில்லை. பார்கின்சன் நோயாளிகளுக்கு இதே விதையைக் கொடுத்துச் செய்த மருத்துவ ஆய்வுகளில் அது பலன் தந்திருக்கிறது. அங்கே அளந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

விற்பவர்களே, தயவுசெய்து கரண்டிக்கு எத்தனை மில்லிகிராம் லெவோடோபா என்று அச்சிடுங்கள். பார்கின்சன் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று ஒரு வரியும் சேருங்கள், எழுபத்து நான்கு வயதுக்காரர் கண்ணாடி போட்டால் படிக்கிற அளவு எழுத்தில். அதிகாரிகளே, அந்த எண் இல்லாத டப்பாவுக்கு ஒப்புதல் தராதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா இப்போது தேறிவிட்டார். நோட்டில் அந்த நான்கு நாட்களுக்கு எதிரே ‘பொடி’ என்று எழுதி, அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது, தொகுதி எண்ணும் அழியவில்லை. கேட்டால் அனுப்பிவைக்கிறேன். அளந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பார்கின்சன் நோயாளியின் மகள்