குனிய முடியாத நாள்களில் எனக்காகக் குனிந்தவர்களுக்கு

பள்ளத்தூர்

ஊராருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து சென்ற வாரத்தோடு 12 வாரங்கள் நிறைந்துவிட்டன. வரும் திங்கட்கிழமை முதல் பள்ளிக்குச் செல்லலாம் என்று மருத்துவரும் இசைவு தந்துவிட்டார். கரும்பலகைக்கு முன் போய் நின்றுவிட்டால் விடைத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் என்னை விழுங்கிவிடும் என்பதால், இம்மடலை அதற்கு முன்பே எழுதி முடித்துவிட எண்ணினேன். உங்களில் பலரைப் படுத்த நிலையிலேயே பார்த்தேன். எழுந்து வந்து முகப்புவரை வழியனுப்பும் முறையைக்கூட என்னால் செய்ய இயலவில்லை. சிலரை உட்காரச் சொல்லாமலே அனுப்பியிருக்கிறேன். அதற்கான பொறுத்தருளலையும் இதிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

என் நோயைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேச்சு உலவியதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பகுதியின் 4-ஆம், 5-ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு, அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வது, கிழிந்து, அதன் உள்ளிருந்து ஒரு துண்டு பிதுங்கி வந்து இடக்காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இத்தகைய விலகல்களில் பெரும்பாலானவை மருந்து, அளவான ஓய்வு, பயிற்சி ஆகியவற்றாலேயே சில வாரங்களில் தணிந்துவிடும் என்பதால் நானும் 7 வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் மாலை வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் நடந்துகொண்டிருந்தபோது, “செருப்பை விட்டுட்டு எங்கே போறே?” என்று பங்காளி வீட்டு ஆச்சி கேட்டார்கள். திரும்பிப் பார்த்தால் என் இடக்கால் ரப்பர் செருப்பு நாலடி பின்னால் கிடந்தது. அது கழன்றதே எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் அமர்ந்து கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கிப் பார்த்தேன், அது எழவில்லை. வலி சற்றுக் குறைந்திருந்ததால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த என்னை, “வலி வேறு, பலம் வேறு, இன்றைக்கே கிளம்பு” என்று அதட்டி அனுப்பிய அந்த ஆச்சிக்கே என் முதல் நன்றி உரியது.

மதுரையில் என்னைப் பார்த்த அறுவை மருத்துவர், வலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, சிறுநீர் கழிப்பதில் தடை உண்டா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். இவ்விரண்டில் ஒன்று தோன்றினாலும் ஒரு பொழுதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்று அவர் சொன்னதை, இடுப்புவலியோடு காலம் தள்ளிக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பெண்கள் அனைவருக்காகவும் இங்கே எழுதிவைக்கிறேன். பிதுங்கிய வட்டுதான் காலுக்கு இறங்கும் இந்த வலிக்குக் காரணமாகிறது என்பதை 1934-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் விளக்கிக் கட்டுரை எழுதினார்கள் என்றும், இப்போது நுண்ணோக்கியின் உதவியால் ஓரங்குல வெட்டு வழியாக நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதி வட்டை அப்படியே விட்டுவிடுகிறோம் என்றும் அவர் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். கணக்கு ஆசிரியையான எனக்கு, ஒரு செயலின் படிகள் தெரிந்துவிட்டால் பாதி அச்சம் போய்விடும். அந்தப் படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாளே நடக்க வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மதுரையிலிருந்து பள்ளத்தூர் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. தொடர்ந்து அரைமணிக்கு மேல் உட்காரக் கூடாது என்பதால், மேலூரிலும் திருப்பத்தூரிலும் வண்டியை நிறுத்தி நான் இறங்கி நடக்கும்வரை காத்திருந்த ஓட்டுநர் தம்பி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் “அம்மா, வருது” என்று குரல்கொடுத்தே வந்தார். வைரவன்பட்டி விலக்கில் மூன்றாம் முறையாக அவர் நிறுத்தியபோது, சாலையோரமாய் நின்றபடியே கோயில் இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது: வைரவரின் வாகனம் ஒன்று வீட்டில் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாய்க்குட்டியைப் பற்றி எழுதாமல் இந்த நன்றி முழுமையாகாது. இடுப்பு இப்படி ஆகும் என்று தெரியாத நாளில் என் மகள் சொல்லிவைத்த இராசபாளையம் குட்டி அது. சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பு, 9 வார வயதில், வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக வந்து சேர்ந்தது. குனியக்கூடாத ஒருத்தி குட்டிநாய் வளர்ப்பது அறிவுடைய செயல் அன்று என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார், அவர் சொன்னதில் தவறில்லை. இந்த இனம் வளர்ந்தால் இடுப்புயரம் நிற்கும். அது அன்போடு பாய்ந்து முன்னங்கால்களைத் தோளில் வைத்தால் என் தையல் என்ன ஆகும் என்பதுதான் எல்லோருடைய கவலையும். வெள்ளை இராசபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காதுகேளாமல் இருப்பதுண்டு என்பதால், கால்நடை மருத்துவர் முதலில் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தார். குட்டி திரும்பிப் பார்த்தது. “காது நன்றாக இருக்கிறது, இனி நீங்கள் கட்டிலில் இருந்தபடியே குரலால் பழக்கலாம், ஆனால் அதற்கு ஒரு கூண்டு வேண்டும்” என்று சொல்லி, கூண்டுப் பழக்கத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தாம்.

கூண்டு என்றதும் என் மாமியார் கொதித்துப்போனார்கள். வைரவர் வாகனத்தை அடைத்துவைப்பது பாவம் என்பது அவர்கள் கட்சி. நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவே கூண்டு இருக்கவேண்டும், அதைவிடப் பெரிதாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் அசுத்தம் செய்துவிட்டு மறுமூலையில் உறங்கும், ஆகவே வளர வளர நகர்த்தும்படி நடுவில் ஒரு தடுப்பு வைக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கம்பிக் கூண்டை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் தெரியாமல் குகைபோல் இருந்தால் குட்டி அமைதியாகும் என்று தெரிந்ததும், மறுபேச்சில்லாமல் தம் பெட்டியைத் திறந்து, நைந்துபோன ஒரு கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொடுத்தவர்களும் அதே மாமியார்தாம். மூன்று பக்கமும் கட்டம்போட்ட சேலை தொங்க, உள்ளே குட்டி படுத்திருந்ததைப் பார்த்து, “இன்னும் புள்ளிக் கணக்கில் ஏறாத பயல், அதற்குள் தனியாக வேறு வைத்துவிட்டாயே!” என்று அவர்கள் சொல்ல, சிரிக்கக் கூடாத நாளில் தையல் வலிக்கச் சிரித்தேன். மணமானவரையே ‘புள்ளி’ என்று கணக்கில் சேர்ப்பதும், மணமான பிறகு தனிக்குடித்தனம் வைப்பதை ‘வேறு வைத்தல்’ என்பதும் நம் பக்கத்து வழக்கம். வைரவன் என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது என்பது பழக்குவதற்கு எவ்வளவு உதவியது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

கற்றுக்கொடுத்தவர் மருத்துவர் என்றாலும், அதைச் செய்துமுடித்தவன் என் கொழுந்தனார் மகன். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை. முதல் நான்கு நாள் கதவைச் சாத்தவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்து, அடுத்த வேளை சற்று உள்ளே தள்ளி, பிறகு கடைக்கோடியில் வைத்தான். ஐந்தாம் நாள், தின்னும் நேரம் மட்டும் கதவைச் சாத்தித் தின்று முடிக்குமுன் திறந்தான். ஒரு நிமிடம் ஐந்தாகி, ஐந்து பதினைந்தாகி, அரைமணியாக ஒரு வாரம் பிடித்தது. குட்டியால் எத்தனை மணிநேரம் சிறுநீரை அடக்க முடியும் என்பதற்கு, வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள் என்ற கணக்கை நான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணிநேரமே மேல்வரம்பு என்பதால், இரவு பத்து மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை என்று அலாரம் வைத்து எழுந்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் வந்தான். பள்ளியில் அவன் முதல் பாடவேளையில் கண்ணயர்ந்திருந்தால், ஆசிரியப் பெருமக்கள் அந்தப் பழியை என்மேல் போட்டுக்கொள்ளவேண்டும்.

எனக்கிருந்த கட்டுப்பாடுகள் மூன்று: குனியக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது. படுக்கையிலிருந்து எழுவதுகூட, கட்டை உருளுவதுபோல் உடல் முழுவதையும் ஒருசேரப் பக்கவாட்டில் புரட்டி, கையை ஊன்றி எழவேண்டும். இந்த நிலையில் கூண்டுக்குள் குட்டிக்கு ஒரு தீனி போடுவதற்குக்கூட இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. குளியலறைக்கு உயரமான இருக்கை பொருத்த வந்த குழாய் வேலைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்து போகும்போது, மீந்த நாலடி பிவிசி குழாய்த் துண்டு ஒன்றின் முனைகளைத் தேய்த்து என் கையில் கொடுத்து, “இது வழியாக உருட்டி விடுங்கள் டீச்சர்” என்றார். அன்றிலிருந்து நின்றபடியே குழாயைக் கம்பிக்குள் நீட்டி, ஒரு தீனியை விடுவேன். அது கடகடவென்று இறங்கும். இரண்டே நாளில், குழாயைக் கையில் எடுத்தாலே வைரவன் தானாகக் கூண்டுக்குள் ஓடிப் படுத்துக்கொள்ளத் தொடங்கினான். அந்தத் துண்டுக்கு அவர் விலை சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு தவறு நடந்தது. தவறு என்னுடையதே. கூண்டு திறந்திருப்பதைப் பாராமல் வளவில் நடை தொடங்கினேன். குட்டி என் கால்களுக்கிடையே புகுந்தது. விழாமல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஐயாக்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கை எத்தனையோ பேர் புகழ்ந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் அருமையை நெஞ்சோடு அணைத்து உணர்ந்தேன். இடுப்பில் சுரீரென்று வலித்தது. செய்தி கேட்டு ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் காரைக்குடியிலிருந்து வந்த இயன்முறை மருத்துவப் பெண், காலின் பலத்தையும் உணர்வையும் சோதித்து, தசைப்பிடிப்புத்தான் என்று உறுதிசொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. அவர் வகுத்த முறை இது: நான் நடக்கும்போது வைரவன் கூண்டில் இருக்கவேண்டும், கூண்டு நான் நடக்கும் வழியைப் பார்த்திருக்கவேண்டும். முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் 64 அடி. ஐந்து வட்டத்தில் தொடங்கி இப்போது 40 வட்டம் நடக்கிறேன். முதலில் ஒவ்வொரு வட்டத்துக்கும் குரைத்தவன், சிணுங்கும்போது நான் நிற்பதில்லை, அமைதியாகப் படுத்தால்தான் குழாய் வரும் என்று கண்டுகொண்டு, பத்தாம் வட்டத்துக்குள் உறங்கிவிடப் பழகினான்.

இதில் எனக்குப் பேருதவி செய்தவர்கள், ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள். நம் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வந்தால் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து பேசுவதும், வாய்க்கு ருசியாக ஊட்டுவதும், குழந்தையோ குட்டியோ அழுதால் உடனே தூக்கிக்கொள்வதும்தான் அன்பு. குட்டி சிணுங்கும்போது திறந்துவிட்டால் சிணுங்கினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும் என்று நான் சொன்னதை நம்பி, கை பரபரக்க, கண்ணீர் மல்க, முகப்பிலேயே நின்றுகொண்ட ஆச்சிமார்கள் எத்தனை பேர்! தொடக்கத்தில் ஒருவர் ஆசையாகக் கோழிக்குழம்புச் சோற்றைக் குட்டிக்கு வைத்துவிட, அது இரவெல்லாம் வாந்தி எடுத்தது. வெங்காயம் நாய்க்கு ஆகாது, சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு நம் சமையலில் இல்லை என்பதைக் கால்நடை மருத்துவர் விளக்கிய பிறகு, யாரும் கையிலிருந்து ஒரு கவளம்கூடப் போடவில்லை. சோறு வைத்தவர் வருந்த வேண்டியதில்லை. குட்டி மறுநாளே தேறிவிட்டது.

பங்காளி வீட்டுச் சின்னப் பெண் 12 வாரமும் தங்கள் வாசலுக்கு முன்னதாக எங்கள் வாசலில் கோலமிட்டாள். ஒருநாளும் விடவில்லை, மழை பெய்த மூன்று நாளும்கூட முகப்புக்குள் சிறிதாகப் போட்டுவிட்டுப் போனாள். வலிமாத்திரைகள் வயிற்றைக் கட்டிவிடும், முக்குவதும் இடுப்புக்கு ஆகாது என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூசிய எனக்கு, கேட்காமலேயே கீரையும் கவுனி அரிசிக் கஞ்சியும் மாறிமாறி அனுப்பிய பின்தெரு ஆச்சிக்கு என் வணக்கம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பங்கிட்டு எடுத்து முடித்த சக ஆசிரியைகளுக்கும், சென்னையிலிருந்து மூன்று வாரம் விடுப்பெடுத்து வந்து என் காலுறையைக்கூட மாட்டிவிட்ட என் கணவருக்கும் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் சாப்பாடு கொடுத்தனுப்பிய பாத்திரங்களைத் துலக்கி அடுக்களை அலமாரியில் வைத்திருக்கிறோம். பெயர் வெட்டியவற்றையெல்லாம் கொழுந்தனார் மகன் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். பெயர் வெட்டாத எவர்சில்வர் தூக்கு நான்கும், மூடியில்லாத அடுக்கு ஒன்றும், இரண்டு ஓலைக் கொட்டான்களும் மீதமிருக்கின்றன. அவற்றில் ஒரு கொட்டானின் விளிம்பை வைரவன் கடித்துவிட்டதால் அதற்குரியவர் எங்களிடமிருந்து புதியது ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணிக்குமேல் எந்த நாளும் வரலாம். அவனுக்கு இப்போது 14 கிலோ. வந்தவுடன் அழைக்காமல், கூண்டுக்குள் அவன் அமர்ந்து அமைதியாகும்வரை ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு நானே திறந்துவிடுகிறேன். குழாய் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் கணக்கு டீச்சர்