குமரன் கையில் இருந்தது எந்தக் கொடி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சுதந்திர தினத்தையொட்டி நடக்கும் ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டிகளில் திருப்பூர் குமரன் கையில் அசோகச் சக்கரக் கொடியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கொடி அவர் காலத்தில் இல்லை. 1932 ஜனவரி 10-ல் தடியடிபட்டு மறுநாள் அவர் உயிர்விட்டார்; விழுந்தபோதும் விடாமல் பிடித்திருந்தது காங்கிரசின் ராட்டைக் கொடி. சக்கரக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றதே 1947 ஜூலை 22-ல்தான்.

ராட்டைக் கொடியை வரைவது எளிது. நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு. மேலிருந்து காவி, வெள்ளை, பச்சை; மூன்றும் ஒரே அளவு. வெள்ளையின் நடுவில் கருநீல ராட்டை. அதன் சக்கரம் கம்பத்தின் பக்கம், நூல் சுற்றும் கதிர் மறுபக்கம். இதில்தான் சிக்கல். கொடியைத் திருப்பிப் பார்த்தால் ராட்டை இடம் வலம் மாறித் தெரியும். இரு பக்கமும் ஒன்றுபோல் வரைந்தாலோ, பின்பக்கத்தில் சக்கரம் கம்பத்தை விட்டு விலகிப் போய்விடும். சபையில் நேரு இதை விளக்கிச் சொன்னார். எந்தப் பக்கம் பார்த்தாலும் மாறாத, சாரநாத் அசோகத் தூணின் சக்கரம் அதனால்தான் வந்தது.

1930 வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தைக் காட்சியாக வைப்போர், இன்னும் பழைய கொடியைத் தேட வேண்டும்: மேலே வெள்ளை, நடுவே பச்சை, கீழே சிவப்பு. காவி சேர்ந்தது 1931 ஆகஸ்டில். நிறத்துக்கு ஒரு மதம் என்ற விளக்கத்தையும் காங்கிரஸ் அப்போதே கைவிட்டது. காவி துணிவும் தியாகமும், வெள்ளை உண்மையும் அமைதியும், பச்சை நம்பிக்கையும் வீரமும் என்றது அன்றைய தீர்மானம். கைவிட்ட விளக்கத்தை இன்றும் வகுப்பில் சொல்லித்தருவது வருத்தமளிக்கிறது.

இன்றைய கொடியை வரைவோர் சக்கரத்தைச் சின்னதாகப் போட்டுவிடுகிறார்கள். 900 × 600 மி.மீ. கொடியில் வெள்ளைப் பட்டை 200 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. பட்டையை ஏறக்குறைய நிரப்ப வேண்டும். ஆரங்கள் 24. கண்ணளவில் போட்டால் எண்ணிக்கை பிசகும். வட்டம் வரைந்த காம்பஸை விரிவு மாற்றாமல் சுற்றிலும் குறித்தால் ஆறு புள்ளி கிடைக்கும். இடைவெளிகளை இருமுறை பாதியாக்கினால் பன்னிரண்டு, பிறகு இருபத்துநான்கு. நிறம் கருநீலம், கறுப்பு அல்ல.

மூன்று கொடிகளையும் ஆண்டு குறித்துத் தங்கள் சிறுவர் பகுதியில் வண்ணத்தில் வெளியிட வேண்டுகிறேன். குமரன் கையில் ராட்டைக் கொடி வரைந்த பிள்ளைக்கு நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர், திருப்பூர்