ஒரு ‘தூக்கிட்டு’ம் ஒரு சட்டத்தரணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றவாளிகளைக் காப்பாற்றிப் பிழைப்பவர்கள் என்று குற்றவியல் சட்டத்தரணிகளைச் சாடி, தங்கள் பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் உரைபெயர்ப்பாளராகக் கடமையாற்றிய நான், சட்டத்தரணிகளின் தொழிலை, குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்கும் எதிரிக் கூண்டின் அருகில் நின்று பார்த்தவன்.

நான் நன்கறிந்த மூத்த சட்டத்தரணி ஒருவர் கொட்டாஞ்சேனையில் சிறுகடை வைத்திருந்தவரின் மகன். 1874இல் தொடங்கப்பட்ட இலங்கைச் சட்டக் கல்லூரியில் படித்துச் சத்தியப்பிரமாணம் செய்த பின்னரும், ஐந்து ஆண்டுகள் தமது சீனியரின் வழக்கேடுகளைச் சுமந்தபடி, தவணை கேட்பதற்கு மட்டுமே எழுந்து நின்றார். சாட்சியிடம் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவே அவ்வளவு காலம் பிடித்தது என்பார்.

அவர் தோன்றிய திருட்டு வழக்கொன்றை நான் மறக்கவில்லை. எதிரி, புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்த மலையகத்துப் பையன். கொழும்பில் பிணை நிற்க ஆளில்லாததால், பிணை வழங்கப்பட்டும் மாதக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்தவன். சாட்சிக் கூண்டில் ஏறி, “முதலாளி சொன்னாரு, பொட்டியத் தூக்கிட்டு வந்தேன்” என்றான். பொலிஸார் சிங்களத்தில் எழுதியிருந்த வாக்குமூலத்திலோ அவன் பெட்டியைத் திருடியதாக இருந்தது. அதைக் காட்டி அவன் பொய் சொல்வதாக நிறுவ வழக்குத் தரப்பு முயன்றது. சட்டத்தரணி அந்த வாக்குமூலத்தைப் பதிந்த உத்தியோகத்தரை அழைப்பித்து, பையன் சொன்ன தமிழ்ச் சொல் எது என்று மட்டும் கேட்டார். தமக்குத் தமிழ் தெரியாது, நிலையத்தில் நின்ற இன்னொருவர் சொன்னதையே எழுதினேன் என்றார் உத்தியோகத்தர். ‘தூக்குதல்’ என்றால் என்ன என்று நீதவான் என்னிடம் வினவினார். சுமந்து வருவதையும் குறிக்கும், பேச்சு வழக்கில் களவையும் குறிக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பையன் விடுதலையானான்.

வழக்குத் தரப்பு அப்படி முயன்றாலும், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்குகளில் எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காப்பை அகற்றி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத ஒருவர் பதிந்த ஒப்புதலை ஏற்றுக்கொண்டதோடு, அதை ஏற்கக்கூடாதென நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தலையில் வைத்தது. சிங்களம் வாசிக்கத் தெரியாத இளைஞன் சிங்களத்தில் தட்டச்சான பக்கங்களின் அடியில் தமிழில் ஒப்பமிட்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன். அத்தகைய வழக்குகளில் துணிந்து தோன்றிய சட்டத்தரணி குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5இல் இதே கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றவியல் வழக்குகளில் பெரும் புகழ் ஈட்டிய ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் மகன் அவர். வசதியான வேறு வழக்குகள் அவருக்குக் கிடைக்காமல் இருந்திருக்குமா?

இன்று புதுக்கடையில் தமிழ் ஜூனியர்கள் குறைந்து வருவதை, ஓய்வுபெற்ற பின்னரும் அங்கு போய்வரும் நான் கவலையோடு பார்க்கிறேன். முதல் சில ஆண்டுகளில் பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போதிய வருமானம் வராததால், தோட்டத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து அறை வாடகை கட்டும் பிள்ளைகள் கம்பனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ‘தூக்கிட்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நிற்க, அந்தத் தமிழோடு வளர்ந்த ஒருவர் சட்டத்தரணிகளின் மேசையில் இருக்க வேண்டும். உரைபெயர்ப்பாளர் கேட்டதைச் சொல்லலாமே தவிர, கேள்வி எழுப்ப அவருக்கு அதிகாரமில்லை.

ஆகவே, சட்ட உதவி ஆணைக்குழுவும் சட்டத்தரணிகள் சங்கமும் குற்றவியல் வழக்குகளில் பணியாற்றும் தமிழ் பேசும் ஜூனியர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்கேனும் மாதக் கொடுப்பனவு வழங்க முன்வர வேண்டும் என்றும், தங்கள் பத்திரிகை இக்கோரிக்கையைத் தொடர்ந்து வலியுறுத்த வேண்டும் என்றும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.