அக்காவுக்கு, எல்லாரும் படிக்கும்படி

அக்கா,

சரி. நீ தருகிறேன் என்று சொன்ன கல்லீரல் துண்டைப் பையனுக்கு வாங்கிக்கொள்கிறோம். என் கல்லீரலும் என் வீட்டுக்காரர் கல்லீரலும் அவனுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பது உனக்கே தெரியும். சொந்தக்காரர்கள் இதைப் படிப்பார்கள், அதனால் மாமா சொன்னதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

இத்தனை நாள் நான் பதில் சொல்லாததற்குக் காரணம் கல்மண்டபத்து ஸ்கேன் சென்டர்தான். நாலு மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வெறும் வயிற்றில்தான் பித்தப்பை நிறைந்து தெரியும். அப்போதும் சுருங்கியிருந்தால் பித்தக்குழாய் அடைப்போ என்று சந்தேகிக்கலாம். கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. டோக்கன் எப்போது வரும் என்று கேட்கப் போய்த் திரும்புகிறேன், உன் மடியில் கால் விரலை மடக்கிக்கொண்டு பாட்டிலில் குடிக்கிறான். கடைவாயில் வழிந்த பாலை நீ முந்தானையால் ஒற்றுகிறாய்.

பித்தப்பை சுருங்கியிருப்பது பாலாலா நோயாலா என்று சொல்ல முடியாது, இன்னொரு நாள் வாருங்கள் என்றார் டாக்டர். மலம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போன குழந்தைக்கு இன்னொரு நாளா? குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தநீருக்கு வழி செய்யும் கசாய் ஆபரேஷனை 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் இறங்க வாய்ப்பு அதிகம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அம்மா எதிரில் சொன்ன வார்த்தைக்கு மன்னித்துவிடு. கோபம் மட்டும் நியாயம்தான். சீக்கிரம் ஆபரேஷன் செய்த குழந்தைகளுக்கும் பிற்பாடு மாற்றுக் கல்லீரல் தேவைப்படுவதுண்டு என்று டாக்டர் சொன்னார். பகலில் அதை நம்புகிறேன். அவன் அழுதால் உனக்குத் தாங்காது, தெரியும். அன்றைக்கு நான் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

திங்கட்கிழமை உனக்கு எம்ஆர்சிபி, பித்தக்குழாயைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன். உன் பித்தக்குழாய் எப்படிக் கிளை பிரிகிறது என்று பார்த்தால்தான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வார்கள். நீயும் வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

அப்புறம், நெருங்கிய உறவில்லாதவர் உறுப்பு தருவதற்கு ஒப்புதல் தரும் அனுமதிக் குழு. 1994-இல் வந்து 2011-இல் திருத்திய உறுப்பு மாற்றுச் சட்டத்தில் தாத்தா பாட்டிகூட நெருங்கிய உறவு, பெரியம்மா இல்லை! அவனைத் தூக்கி வளர்த்த உன்னை, பணத்துக்காகத் தரவில்லை, பாசத்தால்தான் தருகிறேன் என்று சொல்ல வைப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் பழைய போட்டோக்களை எடுத்துவைத்துவிட்டேன். கோபத்தில்கூட ஒன்றையும் அழிக்கவில்லை. ஆதார், ரேஷன் கார்டு ஒரிஜினல் கொண்டு வா. மாமாவின் சம்மதத்தையும் கேட்பார்கள். அவரிடம் நானே வந்து பேசுகிறேன்.