தாத்தா கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட்

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்முவுக்கு,

பணம் கொடுத்து வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோ தங்கும் அனுமதியோ வாங்குவது பற்றி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏஜென்ட்டின் நாற்பது பக்கத்தையும் மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். நாட்டுக்கு நாடு தொகை, நிபந்தனை, காலம் எல்லாவற்றையும் நோட்டில் கோடு போட்டு எழுதினேன். வங்கியை விட்டு வந்தாலும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

உன் பயம் எனக்குப் புரிகிறது. துபாயில் வேலை போனால் விசாவும் போகும். பிள்ளைகள் அங்கேயே பிறந்தாலும் அந்த ஊர்க் குடிமக்கள் ஆக முடியாது. இந்த வீட்டை விற்கலாமா என்று நீ கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை, வீடு உனக்குத்தான். ஆனால் எதற்காக விற்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்வோம்.

அந்த ஏஜென்ட் இரண்டு வேறு சரக்கை ஒரே தட்டில் வைத்து விலை சொல்கிறார். ஒன்று, ஒரு நாட்டில் தங்கியிருக்க அனுமதி. மற்றொன்று, அந்த நாட்டின் குடியுரிமை. நீ டிக் அடித்திருப்பது செயின்ட் கிட்ஸ். 1984 முதல் பாஸ்போர்ட் விற்கிற கரீபியன் தீவு அது, இந்த வியாபாரத்தில் மூத்தது. நாலு பேர் குடும்பத்துக்கு 2,50,000 டாலர் நன்கொடை. கொடுத்தால் திரும்பி வராது. 'அங்கே போகவே வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். டொமினிக்கா, கிரெனடா எல்லாம் இதே வகைதான். 2 லட்சம் டாலருக்குக் குறைத்து விற்பதில்லை என்று 2024-இல் அந்தத் தீவுகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன.

அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், 9-ஆவது பிரிவு. நாமாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமையை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். நாம் எழுதிக் கொடுக்கக்கூட வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். வைத்துக்கொண்டு பயணம் போனால் குற்றம். அப்புறம் வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வாங்கலாம், இங்கே வரலாம், இருக்கலாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலமோ தேயிலைத் தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. நாற்பது பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, அம்மு.

உன் தாத்தாவின் பிஸ்கட் டின்னை நேற்று இறக்கினேன். பாஸ்போர்ட்டின் அட்டை ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. கூடவே குடும்ப அட்டை. அதில் ஒட்டிய படத்தில் ஐந்து பேர், ஓரத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு முறைக்கிறது நான்தான். எனக்கு ஒன்பது வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் தாத்தாவும் பிறந்தார், அவருடைய அப்பாவும் பிறந்தார். 1948-இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு, தோட்டத்துச் சனத்துக்குக் குடியுரிமை இல்லாமல் செய்தது. பதினாறு வருஷம் கழித்து இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். தாத்தா கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி வந்தார். அன்று நாங்கள் இருந்த லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் சாப்பிடவில்லை.

1974-இல் கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான டேன்டீயில் வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். அப்போதும் ஒரு ஆபீசில், 'சிலோன்காரனுக்கு என்ன ரேஷன்?' என்று கேட்டார்கள். தாத்தா பேசவில்லை. டின்னைத் திறந்து பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தார். அந்தக் காகிதத்துக்கு எங்கள் வீட்டில் என்ன மதிப்பு என்று உனக்குத் தெரிய வேண்டும். அதை நீ ஒரு தீவுக்காக ஒப்படைப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாசத்தை விடு, கணக்காகவே பார். விற்கப்படும் பாஸ்போர்ட்டின் மதிப்பு, மற்ற நாடுகள் அதற்குக் கதவு திறக்கும்வரைதான். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் பாஸ்போர்ட்டை வாங்கியவர்கள் விசா இல்லாமல் ஐரோப்பா போகலாம் என்றுதான் வாங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை நிறுத்திவைத்தது, 2024 டிசம்பரில் அடியோடு எடுத்துவிட்டது. டொமினிக்காவுக்கு பிரிட்டன் 2023 ஜூலையில் விசா கட்டாயம் ஆக்கியது. சைப்ரஸ் 2020-இலேயே கடையை மூடியது. மால்டா குடியுரிமை விற்பதே சட்டத்துக்கு விரோதம் என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

தங்கும் அனுமதி அப்படி இல்லை. அதை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட் உன் கையிலேயே இருக்கும். ஆனால் அங்கேயும் விதி மாறிக்கொண்டுதான் இருக்கிறது. முதலீட்டுக்குத் தங்கும் அனுமதி கொடுப்பதை ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. போர்ச்சுகலில் 2023 முதல் வீடு வாங்கினால் செல்லாது, முதலீட்டு நிதியில் 5 லட்சம் யூரோ போடுவது போன்ற வழிகள்தான். கிரீஸில் 2,50,000 யூரோவாக இருந்தது, இப்போது ஏதென்ஸில் வீடு வாங்க 8 லட்சம். மாப்பிள்ளைக்கு லிஸ்பனில் வேலையா, உனக்கு ஏதென்ஸில் சொந்தமா? குடியிருக்காத ஊரில் பணத்தை முடக்க எனக்கு மனசில்லை.

நீங்கள் இருக்கிற ஊரிலேயே பாருங்கள். துபாயில் 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள வீடு வாங்கினால் பத்து வருஷ கோல்டன் விசா. அங்கீகரித்த வங்கியில் கடன் போட்டு வாங்கினாலும் செல்லும். செயின்ட் கிட்ஸுக்குத் தூக்கிக் கொடுக்க நினைத்த பணம் இங்கே முன்பணமாக நிற்கும், வீடும் உங்களுடையதாக இருக்கும். வேலை போனாலும் விசா கூடவே போகாது. அதற்கு முன்னால் ஒன்றைக் கேள்: பட்டப்படிப்பும் குறைந்தது 30,000 திர்ஹாம் மாதச் சம்பளமும் இருந்தால், முதலீடே இல்லாமல் திறமையாளர் பிரிவில் அதே விசா கிடைக்க வழி இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அது பொருந்துமா என்று பார்க்கச் சொல். பொருந்தினால் வீட்டை விற்கவே வேண்டாம்.

அந்த ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல், திட்ட மாட்டேன். சனிக்கிழமை காலையில் கூப்பிடு. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். டின்னில் இருக்கிற படத்தையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா