உன் வளவுக் குளவியும் எங்கள் ஊர்க் குளவியும்

அன்பு மச்சான்,

வளவில் குளவி துளை போடுகிறதென்று எழுதியிருந்தாய். அதற்கு மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டாய் என்றால் முதலில் அதை நிற்பாட்டு. மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசி.

ரொறன்ரோவில் உன் பின்வளவுக் கல்லிடுக்கில் துளை போடுவது ஸ்பெக்ஸ் இக்னியூமோனியஸ் என்ற குளவி. நெஞ்சில் பொன்மயிர், செம்மஞ்சள் கால், வயிற்றின் முன்பாதி செம்மஞ்சள், பின்பாதி கறுப்பு. எல்லாம் நீ அனுப்பிய படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அம்மோபிலா என்ற குளவிகளிலும் செம்மஞ்சள் வயிறு உண்டு. ஆனால் அவற்றின் இடுப்பு நூல்போல நீண்டிருக்கும், பிடிப்பதும் புழுக்களைத்தான். உன்னுடையது பச்சைத் தத்துவெட்டியை இழுத்துக்கொண்டு போனதென்று எழுதியிருக்கிறாய். பிறகென்ன சந்தேகம்?

கொழும்பு வெள்ளவத்தையில் சின்ன வயதில் பார்த்த அதே குளவியா என்று கேட்டாய். இல்லை மச்சான். இக்னியூமோனியஸ் கனடாவின் தென்பகுதியிலிருந்து தென்னமெரிக்கா வரை பரவியிருக்கிற இனம். உயிரினங்களுக்குப் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் பெயரிட்டது. கிணற்றடியில் நீலப்பச்சையாக மினுங்கிக்கொண்டு திரிந்ததே, அது குளோரியன் லொபேட்டம். 1775இல் ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் விவரித்த இனம், இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கித் தென்கிழக்காசியா வரை இருக்கிறது. மஞ்சள் படிந்த சிறகு, அதன் ஓரத்தில் கருமை. ஒருமுறை வடிவாகப் பார்த்தவனுக்கு மறக்காது.

குளவிப் படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எங்கே எடுத்தது என்றுதான். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஸ்பெக்ஸ் செரிசியஸ் என்று எங்கள் பக்கத்தில் ஓர் இனம் இருக்கிறது. இடத்துக்கு இடம் அதன் நிறம் மாறும், பழைய ஆய்வாளர்களையே குழப்பியிருக்கிறது. எந்த இனம் எந்தக் கண்டத்தில் வாழ்கிறது என்று தெரிந்தால் பாதிப் பெயர்கள் தானாகக் கழிந்துபோகும். இரையும் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கழியும். கடைசியில்தான் உடம்பு மயிரும் சிறகு நரம்பும் பார்க்க வேண்டிவரும்.

உன் இக்னியூமோனியஸும் எங்கள் லொபேட்டமும் வேட்டையாடும் விதம் வேறு. உன்னுடையது தானே துளை தோண்டி, பக்கத்தில் அறைகள் வைத்து, கொட்டி முடக்கிய தத்துவெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கும். லொபேட்டம் சில்வண்டின் (ஆங்கிலத்தில் கிரிக்கெட்) வளைக்குள்ளேயே புகுந்து அதை வெளியே துரத்தும். கொட்டியதும் சில்வண்டு அசையாமல் கிடக்கும். குளவி அதன் உடம்பில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மயக்கம் தெளிந்த சில்வண்டு முட்டையோடு திரும்பத் தன் வளைக்குள் போகும். முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சுக்கு வீடும் சில்வண்டினுடையது, சாப்பாடும் அந்தச் சில்வண்டே! குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்று உன் அம்மம்மா சொல்லுவா, நினைவிருக்கிறதா? துளைக்குள் போன புழு திரும்பி வராமல் குளவி வெளியே வருவதைக் கண்டவர்கள் வேறென்ன நினைப்பார்கள்.

உன் குளவி அறிவியலில் பேர்பெற்றது. ஒரே துளைக்குள் தெரியாமல் இரண்டு பெண் குளவிகள் இரை சேர்ப்பதுண்டு. நேருக்கு நேர் சந்தித்தால் சண்டைதான். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஜேன் புரொக்மனும் ரிச்சர்ட் டோக்கின்ஸும் 1980இல் இதைப்பற்றி எழுதினார்கள். துளைக்குள் மொத்தம் எத்தனை இரை இருக்கிறது என்பதல்ல, தான் எத்தனை கொண்டுவந்தேன் என்பதுதான் ஒரு குளவி எவ்வளவு நேரம் சண்டை பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை வாசித்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பேரப்பிள்ளைகளுக்குப் பயப்படாதே. இவை கூட்டமாக வாழ்கிறவை அல்ல, கூட்டைக் காக்கத் துரத்திக் கொட்டவும் மாட்டா. ஆணுக்குக் கொடுக்கே இல்லை. வெறுங்காலோடு மிதிக்காமல், கையால் பிடிக்காமல் இருந்தால் போதும்.

இங்கே எங்கள் ஒழுங்கையில் மண் தெரிகிற வளவு அருமையாகிவிட்டது. வீடுகளை இடித்து மாடி கட்டுகிறார்கள், மிச்ச இடமெல்லாம் கொங்கிறீற். சில்வண்டு வளை போட மண் இல்லாத இடத்தில் லொபேட்டத்துக்கு என்ன வேலை? விகாரமகாதேவி பூங்காவில் போன மாதம் ஒன்றைக் கண்டேன். உன் வளவில் மண் இருக்கிறது மச்சான், அதைக் குளவிக்கு விட்டுக்கொடு.

ஓகஸ்ட் முடியுமட்டும் அந்தக் கல்லிடுக்கில் தண்ணீர் அடிக்க வேண்டாம். துளையை மூடும்போது தலையால் மண்ணை அமுக்கும், அதை வீடியோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டில் எடு, இடுப்புத் தெரியவேண்டும்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தை மச்சான்