ஆஸ்பத்திரி வரிசையும் கடைத்தெரு வரியும்

லண்டன்

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். முகாமில் பார்த்து, அடுத்த வாரமே லென்ஸ் வைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நீ சாதாரணமாக எழுதியிருக்கிறாய். இங்கே நாலு பேரிடம் படித்துக் காட்டினேன், ஒருவரும் நம்பவில்லை.

என் வீட்டம்மாவின் முழங்கால் விஷயம் அப்படியே நிற்கிறது. மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கப் பழகிவிட்டாள். போன மாதம் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. இன்னும் இந்தச் சிகிச்சை தேவையா, பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படலாம் என்று. “முட்டி தானாச் சரியாயிருச்சான்னு விசாரிக்கிறாங்களாக்கும்” என்றாள். காத்திருப்போர் பட்டியல் குறைந்திருக்கிறது என்று அரசாங்கம் பெருமையாகச் சொல்லும்போது, இப்படிச் சரிபார்த்துக் கழித்த பெயர்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. தை மாதம் ஊருக்கு வரலாம் என்று நினைத்தோம். டிக்கெட் போட்ட பிறகு ஆஸ்பத்திரி தேதி கொடுத்து, நாங்கள் முடியாது என்று சொன்னால் மறுபடி எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்களோ என்று பயம். அதனால் இப்போதைக்கு எதையும் முடிவு செய்யவில்லை.

இலவசம் என்றால் கூட்டம் இருக்கத்தானே செய்யும், இதில் புலம்ப என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அப்படி இல்லை மாப்ளே. இங்கே அரசாங்க வைத்தியத் துறையான என்.எச்.எஸ். 1948 ஜூலையில் தொடங்கிய நாளிலிருந்து ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் வரிசை எப்போதும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. டாக்டர் பரிந்துரைத்ததிலிருந்து 18 வாரத்துக்குள் நூற்றுக்கு 92 பேருக்குச் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் வைத்திருக்கும் இலக்கு. 2016-க்குப் பிறகு அதை ஒருமுறைகூட எட்டவில்லை. கொரோனா வருவதற்கு முன்பே பட்டியலில் 45 லட்சத்துக்கு மேல் இருந்தது. 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே ஆள் இரண்டு சிகிச்சைக்குக் காத்திருக்கலாம் என்பதால் தலைக் கணக்கு இதைவிடக் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவசரப் பிரிவு இன்னும் மோசம். வார்டில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் முடிவெடுத்த பிறகும் படுக்கைக்காக 12 மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள் 2025 ஜனவரி ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கும் அதிகம்.

நம்ம ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் கூட்டம் கண்ணுக்குத் தெரியும். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வெயிலில் நின்றாவது மதியத்துக்குள் யாராவது ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம். இங்கே மூட்டுக்கும் இடுப்புக்கும் காத்திருப்பவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட முடியாத கூட்டம் இது.

டாக்டர் பற்றாக்குறை, நர்ஸ் பற்றாக்குறை என்று எல்லோரும் பேசுகிறார்கள். உண்மைதான். ஆனால் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த விஷயம் வேறொரு பக்கத்திலிருந்து தெரிகிறது. வாழ்நாள் முழுக்க பில் கலெக்டராக வரி வசூலித்தவன் நீ, உன்னிடம் சொன்னால் புரியும்.

ஆஸ்பத்திரி ஓடுவது மத்திய அரசின் பணத்தில். ஆனால் ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள். தனியாக இருக்கும் அவருக்குக் காலையும் இரவும் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, சாப்பாடு சூடாக்கித் தர ஆள் வேண்டும். அல்லது ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் வேண்டும். அந்த ஏற்பாடு நம்ம ஊர் நகராட்சி மாதிரியான உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. 23,250 பவுண்டுக்கு மேல் சொத்தோ சேமிப்போ இருந்தால் செலவு முழுவதும் தன் காசுதான். 2010-லிருந்து இந்த வரம்பை அவர்கள் தொடவே இல்லை. அவ்வளவு இல்லாதவர்களுக்குக் கவுன்சில் கொடுக்க வேண்டும். கவுன்சிலிடம் பணமும் இல்லை, அந்தச் சம்பளத்துக்கு ஆளும் கிடைப்பதில்லை. அதனால் பாட்டி வார்டிலேயே இருக்கிறார். அவர் படுக்கை காலியாகாததால் அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் விடிய விடியக் கிடக்கிறார். உள்ளே இறக்க இடமில்லாமல் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. அப்புறம், அவசர நோயாளிகளுக்குப் படுக்கை வேண்டும் என்று மறுநாள் நடக்கவிருந்த முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். இப்படி வீட்டுக்குப் போகத் தகுதியாகியும் போக முடியாமல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்கள் சமீப வருஷங்களில் எந்த நாள் எடுத்தாலும் சுமார் 12,000 பேர். எல்லாப் பழியையும் கவுன்சில் மேல் போட முடியாது. மாத்திரைச் சீட்டு தயாராகவில்லை, எக்ஸ்ரே வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே தாமதமாகிறவையும் நிறைய உண்டு. ஆனாலும் பின்வாசல் அடைத்துக் கிடப்பது பெரிய காரணம்.

சரி, கவுன்சிலுக்குப் பணம் எங்கிருந்து? வீட்டு வரி ஒன்று. அதற்கு இன்றைக்கும் 1991 ஏப்ரல் மாத வீட்டு விலைதான் ஆதாரம், சிரிக்காதே. நம்ம ஊரில் 2022-ல் சொத்து வரியைத் திருத்தினபோது வருஷக்கணக்கில் தூங்கிவிட்டார்கள் என்று திட்டினாயே, இவர்கள் அதற்கும் மேல். மத்திய மானியம் இன்னொன்று. 2010-க்குப் பிறகு அதை ஒட்ட வெட்டினார்கள். மூன்றாவதுதான் நான் தினமும் மல்லுக்கட்டுகிற பிசினஸ் ரேட்.

கடையின் வருட வாடகை மதிப்பை அரசாங்கத்தின் மதிப்பீட்டு அலுவலகம் நிர்ணயிக்கிறது. அதை ஒரு விகிதத்தால் பெருக்கினால் வரி. லாபமா நஷ்டமா என்று கேள்வியே கிடையாது. 20,000 பவுண்டு மதிப்புள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள். 2024-25-ல் விகிதம் பவுண்டுக்கு 49.9 பென்ஸ், ஆக 9,980 பவுண்டு. சில்லறைக் கடைகளுக்கு அந்த வருஷம் 75 சதவீதம் தள்ளுபடி இருந்ததால் கட்டியது 2,495. அடுத்த வருஷம் தள்ளுபடியை 40 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே கடை, அதே தெரு, பில் 5,988. நான் கணக்கு எழுதும் கடைக்காரர் ஒருவர், ஏதோ தப்பாக வந்துவிட்டது, போன் போட்டுக் கேளுங்கள் என்று பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். தப்பு ஒன்றுமில்லை. அவருக்கும் இடுப்பு ஆபரேஷன் பாக்கி. நிற்க முடியாமல் மதியத்தில் கடையை அடைத்துவிட்டுப் போகிறார். அந்த வரி அடைத்த கடைக்கும் திறந்த கடைக்கும் ஒன்றுதான்.

2013 ஏப்ரலிலிருந்து இந்த வரியில் பாதி உள்ளூர்க் கவுன்சில்களிடமே நிற்கும் என்று மாற்றினார்கள். லண்டனில் பங்கு கொஞ்சம் வேறு. வெஸ்ட்மின்ஸ்டர் மாதிரி கடைகள் நெருக்கிக்கொண்டிருக்கிற இடத்தில் எடுத்து, வசூல் குறைந்த ஊர்களுக்குக் கொடுப்பதும் உண்டு. ஆனால் எந்த ஊருக்கு எவ்வளவு என்கிற அந்த அடிப்படைக் கணக்கை 2013-ல் போட்டுவிட்டு ரொம்ப காலம் திருத்தாமல் வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கிடங்கு கட்டிய ஊருக்கு யோகம். கடைத்தெரு காய்ந்துபோன கடற்கரை ஊருக்கு ஒன்றும் வளரவில்லை. வயசானவர்களும் சீக்காளிகளும் அதிகம் இருப்பதோ அந்தக் கடற்கரை ஊர்களில்தான். தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021-ல் தன் ஆண்டறிக்கையையே கடற்கரை ஊர்களின் உடல்நலம் பற்றித்தான் எழுதினார். பராமரிக்க வேண்டிய ஆட்கள் ஓரிடத்தில், வரி வளர்கிற இடம் வேறோரிடத்தில்.

இதில் நீ ரசிக்கிற மாதிரி ஒரு வழக்கு உண்டு. ஆஸ்பத்திரிகளும் கட்டடம் வைத்திருப்பதால் கவுன்சிலுக்கு பிசினஸ் ரேட் கட்ட வேண்டும். தர்ம ஸ்தாபனமாகப் பதிவு செய்திருந்தால் சட்டப்படி 80 சதவீதம் தள்ளுபடி. தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிற நஃபீல்ட் ஹெல்த் அப்படிப் பதிவு செய்த தர்ம ஸ்தாபனம். காசு வாங்கி வைத்தியம் பார்க்கிறவர்களுக்குத் தள்ளுபடி, வாங்காத எங்களுக்குக் கிடையாதா என்று டர்பி ஆஸ்பத்திரியை நடத்துகிற என்.எச்.எஸ். அமைப்பும் அது மாதிரி இன்னும் 16 என்.எச்.எஸ். அமைப்புகளும் சேர்ந்து 45 கவுன்சில்கள் மேல் வழக்குப் போட்டன. பழைய வருஷங்களுக்குக் கட்டியதையும் திருப்பித் தரச் சொல்லித்தான். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம், நீங்கள் தர்ம காரியத்துக்காக மட்டும் ஏற்பட்ட அமைப்பு இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டது.

கேட்டது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கவுன்சில்கள் அந்தப் பணத்துக்குப் பராமரிப்புச் செலவில்தான் கை வைத்திருக்கும். பாட்டிகள் இன்னும் கொஞ்ச நாள் வார்டில் இருந்திருப்பார்கள். சட்டைப்பையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றுவதற்கு வக்கீல் ஃபீஸ் வேறு. இதே கூத்து இப்போது இன்னொரு ரூபத்தில். ஆன்லைன் வியாபாரிகளின் கிடங்குகளை மனதில் வைத்து, 5 லட்சம் பவுண்டுக்கு மேல் வருட வாடகை மதிப்புள்ள இடங்களுக்கு 2026 ஏப்ரலிலிருந்து கூடுதல் விகிதம் போட்டிருக்கிறார்கள். தெருமுனைக் கடைக்கு அதனால் சலுகை கொடுக்கலாமாம். நல்லதுதான். ஆனால் சட்டம் கிடங்கு என்று சொல்லவில்லை, மதிப்பைத்தான் சொல்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளும் அதில் மாட்டும்.

இந்த அரசாங்கம் 2029-க்குள் அந்த 18 வார இலக்கைத் திரும்பப் பிடிப்போம் என்று சொல்லியிருக்கிறது. சாயங்காலமும் சனிக்கிழமையும் ஆபரேஷன் செய்கிறார்கள், கூடுதல் பணமும் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பங்கை, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடுகிற பெண்களின் சம்பளத்துக்குக் கொடுத்திருக்கலாம். வரிசை அதைவிட வேகமாக நகரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஓர் அமைச்சர் புதிய ஆபரேஷன் தியேட்டரைத் திறந்து வைக்கலாம். நம்ம அக்கா வயசில் ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை வாரிவிடுவதை ரிப்பன் வெட்டித் திறக்க முடியாது. கவுன்சிலில் இதைச் சொன்னால் கேட்கிற நிலையிலும் அவர்கள் இல்லை. க்ராய்டன் 2020-லும் பர்மிங்காம் 2023-லும் கையிருப்பு தீர்ந்துவிட்டது, புதுச் செலவு கிடையாது என்று அறிவித்தன. காரணங்கள் வேறு வேறு, அதை எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும்.

நீ ஒரு விஷயம் விளக்கி எழுத வேண்டும். நம்ம ஊரில் தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை நகராட்சியே வசூலிக்கிறது. ஆனால் ஆள் ஒருவருக்கு வருஷம் 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 1988-ல் அரசியலமைப்பிலேயே போட்ட உச்சவரம்பு இருக்கிறது. நீ வேலையில் இருந்த காலத்தில் மொத்த வசூலில் தொழில் வரி எவ்வளவு தேறியது? அதில் எதையாவது நகராட்சி தன் சுகாதார நிலையத்துக்கு ஒதுக்கியது உண்டா, அல்லது சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போய்விட்டதா? இங்கே கவுன்சிலர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் நம்ம ஊர் முறையைச் சொன்னேன், விவரம் கேட்கிறார். எனக்குப் பாதிதான் தெரியும், நீ சொன்னால் அவரிடம் சரியாகச் சொல்லலாம்.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி